அனற்றின் காற்றுக் கிணறு

கண்டி மஹய்யாவையில் போய் அனற் வீடு எதுவென்று கேட்டால், "எந்த அனற்?" என்று திருப்பிக் கேட்பார்கள். "டேப்பு அனற்" என்று சொன்னால் போதும், வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இரும்பு அளவுநாடா ஒன்று எந்நேரமும் அவள் கைப்பையில் கிடக்கும். கண்ட இடத்தில் இழுத்து அளந்துவிடுவாள். பஸ் தரிப்பிடத்து வாங்கின் உயரம், கோயில் படியின் அகலம், சாஹுல் ஹமீது நானா கடைக் கதவு, எதையும் விட்டதில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த கதிரையையே குனிந்து அளந்தாள். "அப்படியே மாப்பிள்ளையையும் அளந்து சொல்லு புள்ள, கட்டிலுக்குச் சரி வருவாரான்னு பாத்துருவோம்" என்று யாரோ சொல்ல, வீடே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அளந்ததை மட்டும் மறக்கவில்லை.

அவள் கட்டடக்கலை படிக்கிறவள். கொழும்புப் பக்கம் கெம்பஸ், அங்கேயே ஒரு போடிங்கில் தங்கல். வெள்ளிக்கிழமையானால் ரயிலைப் பிடித்துக் கண்டிக்கு ஓடி வந்துவிடுவாள். அப்பா லூக்காஸ் மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை பார்க்கிறவர். "அது என்னப்பா கட்டடக்கலை? உன் மக மேசனா?" என்று கேட்டவர்களிடம், "மேசனுக்கே படம் போட்டுக் குடுக்குறவ" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்துவிட்டது.

இந்த அளக்கிற வியாதி அவளுக்கு ஒரு சாவு வீட்டில் தொற்றியது. அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அவர்கள் சந்தில் வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும். ஒருவர் வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்தின் முடக்கில் ஒருநாள் சவப்பெட்டி திரும்பாமல் சிக்கிக்கொண்டது. முன்னால் இழுத்தார்கள், பின்னால் தள்ளினார்கள், கடைசியில் செத்த மனிதரைப் பெட்டியோடு நிற்க வைத்துத் திருப்பினார்கள். அவருடைய மனைவி முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். கூட்டம் மூச்சுவிடாமல் நிற்க, சின்ன அனற் கணீரென்று கேட்டாள்: "பெட்டி திரும்புற மாதிரி ஏன் கட்டல?" அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு கன்றிப்போய் ஒரு வாரம் இருந்தது. கன்றல் மறைந்த கையோடு போய் அந்த முடக்கைச் சாணால் அளந்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யார் செத்தாலும் சவம் வீட்டுக்குள் போவதில்லை. மரண உதவிச் சங்கம் ரோட்டோரத்தில் தார்ப்பாயைக் கட்டிக் கூடாரம் போடும். ஒரு பக்கம் மழை அடிக்கும், இன்னொரு பக்கம் திரீவீல் ஹோர்ன் அடிக்கும், நடுவில் செத்தவர் கிடப்பார். சங்கத்துக்கென்று மேட்டில் ஒரு துண்டு நிலம் இருந்தது. மேல் ரோட்டிலிருந்து, வண்டி வரக்கூடிய கீழ்ச் சந்து வரைக்கும் சரிந்து இறங்குகிற நிலம். அதில் ஒரு கட்டடம் எழுப்ப வேண்டுமென்று பல வருசமாகப் பேச்சு. பேச்சென்றால் பேச்சு மட்டும்தான். கெம்பஸில் "ஒரு சமூகத்துக்கான கட்டடம்" என்று ஒரு வேலை கொடுத்ததும், அனற் யோசிக்கவே இல்லை. நேரே சங்கச் செயலாளர் தியாகராஜாவின் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"மாமா, நம்ம நிலத்துக்கு நான் படம் போடட்டா?"

மாநகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். எதற்கும் உடனே ஆமென்று சொல்லிப் பழக்கமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார். "போடு பாப்போம். படம் போட்டா என்ன, இடிஞ்சா விழப்போகுது" என்றார்.

வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லாரும் கல்யாண மண்டபம் வேண்டுமென்றார்கள், பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்த இடம் வேண்டுமென்றார்கள், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டவும் இடம் கேட்டார்கள். மரண உதவிச் சங்கத்தின் நிலத்தில் மரணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இடம் கேட்டார்கள்! எவராவது வாய்விட்டு, "எங்க வீட்ல சாவு விழுந்தா வைக்க இடம் வேணும்" என்று சொல்வார்களா? சொன்னால் வாயிலேயே போடுவார்கள். சொல்லாததைத் தெரிந்துகொள்ள அவளுக்குக் கேள்வித்தாள் தேவைப்படவில்லை. கன்றிப்போன தொடை போதும்.

அவள் போட்ட படம் இப்படி இருந்தது: சரிவில் இரண்டு அடுக்கு. மேல் மண்டபத்துக்கு மேல் ரோட்டில் வாசல். அது கல்யாணத்துக்கு, வகுப்புக்கு. கீழ்க்கூடத்துக்குக் கீழ்ச் சந்தில் வாசல், அது சாவுக்கு. பெட்டி தாராளமாகத் திரும்பும். கூரையில் விழும் மழையெல்லாம் ஒரு தொட்டிக்கு வந்து, மயானத்திலிருந்து திரும்புகிறவர்கள் கால் கழுவக் குழாய் வழியே வரும். இரண்டு அடுக்குக்கும் நடுவே படி கிடையாது. விரிவுரையாளர் படத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரே கட்டடத்தில் மேலிருந்து கீழே வர ஊரைச் சுற்ற வேண்டுமா? படியை மறந்துவிட்டாயா?" என்று கேட்டார்.

"மறக்கல சேர். எங்க ஆளுங்க, சாவு கிடந்த இடத்துல தாலி கட்ட மாட்டாங்க. சாவு ஏறக்கூடாது, கல்யாணம் இறங்கக்கூடாது."

அவர் படத்தை இன்னொரு தரம் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். பிறகு படத்தின் ஓரத்தில் பெரிதாக ஒரு சரி போட்டார். அதோடு நிற்கவில்லை, சங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டு, அனுமதி வாங்கிக் கொடுக்கவும் கூட நின்றார். நல்ல மனிதர்.

ஆனால் அந்தப் படத்தில் அனற்றுக்குச் செல்லப் பிள்ளை ஒன்று இருந்தது. காற்றுக் கிணறு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். மேல் மண்டபத்தின் ஓரமாக, தரையில் ஒரு கட்டில் அளவுக்குத் திறப்பு. மேலே இரும்புக் கம்பிச் சட்டம். கீழ்க்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் பலாமர நிழலில் குளிர்ந்த காற்று கூடத்துக்குள் வந்து, அந்தக் கம்பி வழியே மண்டபத்துக்கு ஏறி, கூரை உச்சியில் விட்ட இடைவெளியால் வெளியே போகும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். பேன் வேண்டாம், கரண்டு வேண்டாம்.

கட்டடம் கூலி வாங்காத சிரமதானத்தில் எழும்பியது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று கல் கைமாற்றினார்கள். கீழ்க்கூடத்துக்கு முதல் கல்லைச் சுமந்து வந்தவர் அந்தோனி. லூக்காஸோடு குழாய் வேலை பார்த்தவர், வாய் ஓயாத மனிதர். "நாளைக்கு நாமதான் வந்து படுக்கப்போறோம். நல்லாக் கட்டுங்கடா" என்று சொல்லுவார். அவர் மனைவி பெற்றீசியா, "இந்த வாயில கொள்ளிய வைக்க" என்று திட்டிக்கொண்டே பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுப்பாள்.

வேலை முடிந்ததும் எல்லாரும் கம்பிச் சட்டத்தின் மேல் போய் நின்று பார்த்தார்கள். காற்று சேலையைத் தூக்கியது, வேட்டியைத் தூக்கியது. பெண்கள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். "ஏசி போட்டுட்டாடா லூக்காஸ் மக!" என்றார் அந்தோனி. அனற்றுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கீழே சாவுகள் நடந்தன. மேலே டியூஷன் நடந்தது, கூட்டம் நடந்தது. கீழே சவம் இருக்கிற நாளில் மேலே வகுப்பை நிறுத்திவிடுவார்கள். ஆனால் கல்யாணம் மட்டும் ஒன்றும் வரவில்லை. "என்ன இருந்தாலும் கீழ சாவு வைக்கிற இடமில்லையா" என்று இழுத்தார்கள். சிலர் பின்னால் சாவு மண்டபம் என்றே சொல்லத் தொடங்கினார்கள். அது அனற்றின் காதுக்கு வந்தது. இரண்டு வேளை அவள் சாப்பிடவில்லை.

அப்போதுதான் தியாகராஜா எழுந்தார். "எம் மக நிரஞ்சனி கல்யாணத்த அங்கதான் வைக்கப்போறேன். செயலாளரே பயந்தா ஊர்ல எவன் வருவான்?" அவர் மனைவி பாலம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, நம்ம புள்ளதான கட்டுனா" என்று அனற்றைச் சாக்காக வைத்து இறங்கி வந்தாள். ஆவணியில் காலை முகூர்த்தம் குறித்தாயிற்று. மாப்பிள்ளை வீடு மாத்தளை. இந்தக் கல்யாணம் நல்லபடியாக நடந்தால் மண்டபம் பிழைக்கும். ஏதாவது கோணலாகிவிட்டால் இனி ஒருத்தன் அந்த வாசலை மிதிக்க மாட்டான். அது ஊருக்கே தெரிந்த கணக்கு. அனற் வேண்டாத புனிதர் இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் அந்தோனி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். நெஞ்சு வலி என்று போனவர் திரும்பி வரவில்லை.

சங்கம் அங்கத்தவரின் சவத்துக்கு இடமில்லை என்று சொல்ல முடியுமா? எல்லாரும் தியாகராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "சாவு நாள் பாத்தா வரும்? அவன் சுமந்த கல்லு அது. கொண்டு வரச் சொல்லுங்க. வாசல் வேற வேறதான" என்றார்.

சவத்தைப் பதப்படுத்திய மலர்ச்சாலையிலிருந்து வண்டி மறுநாள் விடியற்காலையில் கீழ்ச் சந்துக்கு வந்தது. பெட்டி நேராக உள்ளே போய், சுவரில் எங்கும் இடிக்காமல் திரும்பி அமர்ந்தது. அதே நேரம் மேல் ரோட்டில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே வருகிறவர் மேலே தெரியவில்லை, மேலே வருகிறவர் கீழே தெரியவில்லை. அனற் மேல் வாசலில் பட்டுச்சேலையில் நின்று, "படி வைக்காதது எவ்வளவு நல்லது" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

படியை யோசித்தவள் காற்றை யோசிக்கவில்லையே!

ஐயர் ஓமம் வளர்த்தார், வெயிலும் கூரைக்கு ஏறியது. காற்றுக் கிணறு தன் வேலையை நேர்மையாகத் தொடங்கியது. முதலில் வந்தது வாசம். சந்தனத்துக்கும் மல்லிகைக்கும் நடுவே புகுந்தது சாவு வீட்டுக்கே உரிய அந்த ஊதுவத்தியும் வெள்ளைப் பூவும் மருந்தும் கலந்த வாசம். மாப்பிள்ளையின் தாய் மூக்கைச் சுளித்துச் சுற்றிலும் பார்த்தார். அடுத்தது சத்தம். கம்பிச் சட்டத்தின் வழியே, "என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்களே..." என்று ஒரு பெண் குரல், மைக் வைத்த மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாத்தளைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது என்ன சகுனம்?" என்று ஒருத்தி கேட்டதும், பாலம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் அனற்றைத்தான் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அனற் கம்பிச் சட்டத்தின் பக்கம் திரும்பினாள். அந்தத் திறப்புக்கு மூடி என்று ஒன்றை அவள் வரையவே இல்லை. காற்றை யாராவது மூடுவார்களா என்று நினைத்தவள் அவள்! சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சங்கத்துச் சாமான் அறைக்கு ஓடினாள். தார்ப்பாய் இருந்தது. கையில் எடுத்தபோதுதான் உறைத்தது: எல்லாம் சாவுக் கூடாரத்துத் தார்ப்பாய். அதைக் கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் விரித்தால், மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம், பாலம்மாவே மகளைக் கூட்டிக்கொண்டு எழும்பிவிடுவாள்.

அதை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். முன்னறையில் அலுமாரிக்குப் பக்கத்தில் அவளுடைய கடைசி வருசத் தேர்வுக்கான பலகைகள் சாத்தியிருந்தன. இதே மண்டபத்தைப் பற்றியவை. பெரிய பெரிய பலகைகளில் வண்ணப் படம் ஒட்டி, காற்று எப்படிக் கீழிருந்து ஏறுகிறது என்று நீல நீலமாக அம்பு போட்டிருந்தாள். அத்தனையையும் அப்பாவும் அவளுமாகத் தூக்கி வந்து, அம்புகள் தரையைப் பார்க்கிற மாதிரி கம்பிச் சட்டத்தின் மேல் கவிழ்த்தார்கள். மேலே கல்யாணச் சமுக்காளம் ஒன்று. அந்தப் பலகைகளோடுதான், மஞ்சள் கறையும் கால் தடமுமாக, அடுத்த வாரம் தேர்வாளர்கள் முன்னால் போய் நின்றாள். நடந்ததைச் சொல்லி, இப்போது ஒரு மரக்கதவு வரைந்திருக்கிறேன் என்று காட்டித் தேறியும் விட்டாள். ஆனால் அன்று காலை அவளுக்குத் தேர்வு நினைவே இல்லை.

வாசம் நின்றது. சத்தம் நிற்கவில்லை. உலை வாயை மூடலாம், அழுகிற வாயை எந்தப் பலகையால் மூடுவது? தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், சரி. ஆனால் அதற்கு இன்னும் எவ்வளவோ சடங்கு பாக்கி. உறவுக்காரர் வர வரக் கீழே அழுகை புதிதாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

கீழே போக வேண்டும். போனால் திரும்பி வர முடியாது. சாவு வீட்டில் கால் வைத்தவள் தலை முழுகாமல் மணவறைப் பக்கம் வரக் கூடாது. முழுகி வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிடும். அவள் கட்டிய மண்டபத்தில் நடக்கிற முதல் கல்யாணம். நிரஞ்சனி அவளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவள். அனற் ஒருதரம் மணவறையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வெளியே வந்து, மேல் ரோட்டால் சுற்றி, ஒழுங்கையால் இறங்கி, கீழ்ச் சந்தால் வளைந்து ஓடினாள். படி வைக்காத புண்ணியத்துக்கு ஓடு, ஓடு!

கீழ்க்கூடத்தில் பெற்றீசியா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அனற் மூச்சிரைக்க வந்து நின்றாள். புருசனைப் பறிகொடுத்தவளிடம் அழாதே என்று எந்த வாயால் சொல்வது?

பெற்றீசியா அவளுடைய பட்டுச்சேலையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து, மூடியிருந்த கம்பிச் சட்டத்தைப் பார்த்தாள்.

"மேல சத்தம் கேக்குதாம்மா?"

"கேக்குது அத்தை."

"தியாகராஜா அண்ணன் மகளுக்கு இன்னும் தாலி ஏறலையா?"

"இல்ல அத்தை."

பெற்றீசியா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சுற்றியிருந்த பெண்களைப் பார்த்து, "கொஞ்ச நேரம் யாரும் வாய்விட்டு அழாதீங்க. அந்தப் புள்ள கழுத்துல ஏறட்டும்" என்றாள். "செபமாலை சொல்லுவோம். மெதுவா."

கூடம் முணுமுணுப்புக்கு அடங்கியது. சந்து வாசலில் அந்தோனியின் மகன் நின்று, வருகிறவர்களையெல்லாம் உதட்டில் விரல் வைத்து உள்ளே விட்டான். எல்லாரும் அடங்கினார்கள், புசல்லாவையிலிருந்து வந்த அந்தோனியின் அக்காவைத் தவிர. ஒப்பாரிக்குப் பேர் போனவர். தேயிலைத் தோட்டத்தில் அவர் அழுதால் அடுத்த மலைக்குக் கேட்கும் என்பார்கள். பஸ்ஸில் வரும்போதே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தயாராக வந்தவர், வாயைத் திறக்கப் போனதும், மகளின் பின்னாலேயே கீழே வந்திருந்த லூக்காஸ் ஒரு பிளேன்டிக் கோப்பையைக் கையில் திணித்தார்.

"அக்கா, இப்ப வேணாம். மேல கல்யாணம்."

"நான் அழத்தானடா வந்தேன்!"

"அழலாங்கா, அழலாம். கொஞ்சம் பொறுத்து."

அவர் கோப்பையைப் பார்த்தார், பெட்டியில் கிடந்த தம்பியின் முகத்தைப் பார்த்தார். "இவன் இருந்தவரைக்கும் எல்லாரையும் சிரிக்க வச்சான். செத்தும் அழ விட மாட்டேங்குறான்" என்று சொல்லிவிட்டு, அப்படியே உட்கார்ந்து தேநீரைக் குடித்தார். கண்ணீர் மட்டும் கோப்பைக்குள் விழுந்துகொண்டிருந்தது. பெற்றீசியா முந்தானை நுனியைப் பந்தாகச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. அனற் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய்ப் பார்க்கவில்லையே என்ற குறை எந்த நேரத்தில் போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

செபமாலை ஒரு சுற்று முடிந்து மறு சுற்றின் நடுவில் இருந்தபோது, கூரை அதிர்ந்தது. கெட்டிமேளம்! தவிலும் நாதஸ்வரமும் பலகையையும் சமுக்காளத்தையும் துளைத்துக்கொண்டு இறங்கின. முணுமுணுப்பு நின்றது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேளம் ஓய்ந்தது. ஆனாலும் கீழே ஒருவரும் அசையவில்லை. முடிந்ததா இல்லையா என்று யார் சொல்வது?

மேலே பலகை ஒன்று நகர்கிற ஓசை. கம்பிகளுக்கிடையே வெளிச்சம் விழுந்தது. பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக, மகளுக்குத் தாலி ஏறிய கையோடு, தியாகராஜா தரையில் மண்டியிட்டுக் குனிந்து எட்டிப் பார்த்தார். கண்ணாடி மூக்கிலிருந்து விழப் பார்த்தது, பிடித்துக்கொண்டார்.

"பெற்றீசியா" என்றார்.

அவள் வாயிலிருந்த முந்தானையை எடுத்தாள். "மூணு முடிச்சும் போட்டாச்சாண்ணே?"

"போட்டாச்சும்மா. நல்லபடியா முடிஞ்சிருச்சு."

அனற்றுக்கு நெஞ்சிலிருந்த பாறாங்கல் உருண்டு போனது போலிருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவதென்று தெரியவில்லை. "மாதாவே, மாதாவே" என்று மட்டும் சொன்னாள்.

பெற்றீசியா தலையை ஆட்டினாள். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் குனிந்து, "கேட்டீங்களா, முடிஞ்சிருச்சாம்" என்று அந்தோனியிடம் சொன்னாள். அப்புறம் அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. புசல்லாவை அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கூடம் முழுக்கச் சேர்ந்து அழுதது. அந்த அழுகை காற்றோடு சேர்ந்து கம்பி வழியே மேலே ஏறி மண்டபத்துக்குள் போனது.

மேலே நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டார்கள். பலகையை மறுபடி யாரும் மூடவில்லை.